ஃபீவருக்குப் பிறகு கமா

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் லீவ் லெட்டரில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். 'இது வாக்கியம் இல்லை, வெறும் கிளாஸ்' என்று டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். எழுவாய், பயனிலை இரண்டும் இருந்தும் ஏன் வாக்கியமில்லை? நான் தமிழ் மீடியம், புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
– நெசவாளர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: தமிழ் மீடியமா? அப்படியானால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

எழுவாயும் வினைமுற்றும் சேர்ந்தால் கிளாஸ். (வகுப்பறை கிளாஸ் வேறு!) மகள் எழுதியதும் அதுதான். ஆனால் முன்னால் நிற்கும் 'ஆஸ்'தான் வம்பு. அதை எடுத்துவிட்டால் முழு வாக்கியம். சேர்த்தால் 'எனக்குக் காய்ச்சல் என்பதால்' என்று ஆகிவிடுகிறது. அதோடு நிறுத்தினால், 'என்பதால்... சரி, அப்புறம்?' என்று கேட்கமாட்டார்களா? ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பதினோராவதில் பஸ்ஸை நிறுத்தி இறங்கச் சொன்ன கதைதான். 'பிகாஸ்', 'இஃப்', 'ஆல்தோ' எல்லாம் இதே ரகம். 'ஆல்தோ' போட்டுவிட்டு நடுவில் 'பட்' வேண்டாம். 'மழை பெய்தாலும் ஆனால் போனோம்' என்றா சொல்கிறோம்?

பிள்ளைகளை உண்மையில் திணறவைப்பது இன்னொன்று. என் டியூஷனில் 'ஏற்காட்டிலிருந்து அத்தை கொண்டுவந்த ஆரஞ்சு புளிக்கிறது' என்று கொடுப்பேன். தமிழில் 'கொண்டுவந்த' என்னும் பெயரெச்சம் ஆரஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் பழத்தை முதலில் வைத்துவிட்டு அப்புறம்தான் அதன் கதை: 'தி ஆரஞ்சஸ் தட் மை ஆண்ட் ப்ராட் ஃப்ரம் ஏற்காடு ஆர் சோர்.' நம் எச்சம் அங்கே போய் 'ப்ராட்' என்று முற்றாகிவிட்டது, பாருங்கள். 'ஆர்' இன்னொரு முற்று. ஆக, இரண்டு கிளாஸ். 'ஃப்ரம் ஏற்காடு'வில் வினையே இல்லை, அது ஃப்ரேஸ். பக்கத்தில் ஏற்காடு நிற்பதைப் பார்த்துப் பாதிப் பேர் 'இஸ் சோர்' என்று எழுதுவார்கள். புளிப்பது ஏற்காடா?

லெட்டரை மறுபடி எழுத வேண்டாம். ஃபீவருக்குப் பின்னால் உள்ள புள்ளிக்கு ஒரு வால் இழுத்துக் கமாவாக்கிவிடுங்கள். அடுத்து வருவது 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்'தானே? அந்த 'ஐ' எப்படியும் பெரிய எழுத்துதான்.