அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் எப்படித் தொகுப்பது?

கேள்வி: மட்டக்களப்பில் எங்கள் அம்மம்மா காலமாகி ஐந்து நாளாகிறது. 31ஆம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் விரும்புகிறோம். "பாசத்தின் திருவுருவம்" என்று எல்லா மலரிலும் வருவதையே திரும்பப் போடாமல், அவ வாழ்ந்த வாழ்க்கை அதில் இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதலில் நாளை எண்ணுங்கள். 31ஆம் நாள் புத்தகம் கையில் இருக்க வேண்டுமென்றால் 27ஆம் நாளாவது அச்சகத்திலிருந்து வரவேண்டும். அதற்கு 20ஆம் நாள் எழுத்தும் படமும் போய்ச் சேர வேண்டும். ஆக, கையில் இருப்பது பதினைந்து நாள். அதிலும் அடுத்த மூன்று நாள்தான் பொன்னான நாள்: செத்தவீட்டுக்கு வந்த மூத்தவர்கள் எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். அம்மம்மாவின் தங்கச்சி, மச்சாள், பக்கத்து வளவுக்காரி என்று இருப்பவர்களை இப்போதே பிடியுங்கள். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள், ஒருவருக்கு அரை மணித்தியாலம் போதும்.

"அவ எப்படிப்பட்டவ?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான மனுசி" என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒரு வரியும் எழுத முடியாது. விடிய எழும்பினதும் முதல் என்ன செய்வா, பன்பாய் இழைக்கப் பன்புல் எங்கே வாங்கினா, நெல் அவிக்கிற கிடாரம் இப்போது யாரிடம், கோபம் வந்தால் யாரைப் பேசுவா, எந்தக் கோயில் சடங்குக்குக் குரவையிட முன்னுக்கு நிற்பா என்று கேளுங்கள். கையும் பொருளும் இடமும் உள்ள கேள்விக்குத்தான் கதை வரும்.

மலரின் முதல் பக்கத்தை அவ பிறந்த ஊரோடு தொடங்காமல் அவவின் தாயோடு தொடங்குவது நம் பக்கத்துக்குப் பொருந்தும். மட்டக்களப்பு, அம்பாறையில் குடி (ஒரே வம்சக் கூட்டம்) தாய்வழியாகத்தான் வருகிறது. அம்மம்மாவின் குடிதான் உங்கள் அம்மாவின் குடி, உங்களுடைய குடியும். பல கோயில்களில் திருவிழாப் பூசைகூடக் குடிமுறைப்படிதான் நடக்கிறது. ஆகவே தாய், தாயின் தாய் என்று தெரிந்தவரை மேலே போய் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து மலர்களைப் பார்த்து அப்படியே தகப்பன் பெயரில் தொடங்கினால் இந்த வரிசை அடிபட்டுப் போகும். சீதன உறுதியையும் (சீதனமாக எழுதிக் கொடுத்த காணிப் பத்திரம்) தேடுங்கள். வீடு வளவு பெண்வழியாக வந்த குடும்பங்களில் உறுதியே வம்ச வரலாறு. யார் யாருக்கு, எந்தத் திகதியில் எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். இன்னொன்று, கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரோடே எழுதப்பட்டிருப்பா. கலியாணத்துக்கு முந்திய பெயர் விவாகப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் கிடைக்கும். வீட்டில் கூப்பிட்ட பெயரைப் பழைய ஆட்கள்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த திகதியில்தான் அதிகம் பிழை வரும். பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் 38723 என்று தொடங்கினால் 1938, 223ஆம் நாள். அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், ஆகவே அது ஆகஸ்ட் 10. சாதாரணக் கலண்டரில் எண்ணினால் 11 வரும், ஒரு நாள் பிசகும். (கணக்குப் பார்த்த பிறகு அந்த இலக்கத்தை மலரில் போட்டுவிடாதீர்கள்.) ஆனால் அந்தக் காலத்தில் பிறப்புப் பதியாமல் விட்டு, பிறகு உத்தேச வயதில் அட்டை எடுத்தவர்களும் உண்டு. ஜனவரி 1 என்று வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அப்போது ஊர் ஞாபகத்தை வைத்துச் சரிபாருங்கள். ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது 1942 ஏப்ரல் 9. பெருவெள்ளம் 1957 டிசம்பர். சூறாவளி 1978 நவம்பர் 23. சுனாமி 2004 டிசம்பர் 26. "வெள்ளத்துக்குள்ள கைப்பிள்ளை ஆர்?", "சூறாவளிக்கு எந்த வீட்டில இருந்தீங்க?" என்ற இரண்டு கேள்வியில் அரைவாசிக் காலக்கோடு வந்துவிடும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய பத்திரத்தில் கல்முனையோ திருக்கோவிலோ மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் இருக்கும், அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

படங்கள். சூறாவளியிலும் சுனாமியிலும் இடம்பெயர்விலும் வீட்டு அல்பம் போயிருக்கலாம். ஆனால் அவ மற்றவர்களுக்கு அனுப்பிய படம் போயிராது. லண்டன், கனடாவில் இருப்பவர்களிடமும் சம்பந்தி வீட்டுக் கலியாண அல்பங்களிலும் தேடுங்கள். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரிக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கான் செய்யுங்கள். 3.5 சென்ரிமீற்றர் அகலப் பாஸ்போட் படத்தை ஏ5 முழுப்பக்கத்துக்குப் பெருப்பித்தால் நான்கு மடங்குக்கு மேல் போகும், ஆகவே 1200 டிபிஐ இல் (ஓர் அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் எடுக்க வேண்டும். 300 இல் எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், டொக்கியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

சமையல் ஒன்றாவது போடுங்கள். "அளவாகப் போடுவா" என்று எழுதுவதால் யாருக்கும் பிரயோசனமில்லை. மூத்த மகளைப் புளியாணம் வைக்கச் சொல்லி, அவ கையில் அள்ளியதைச் சட்டிக்குள் போகுமுன் தராசில் வாங்குங்கள். அரிசிக்கு மட்டும் சுண்டு, கொத்து என்ற ஊர் அளவு அப்படியே இருக்கட்டும், நாலு சுண்டு ஒரு கொத்து.

திதி நிர்ணய வெண்பா (மறைந்த திதியைச் சொல்லும் பாட்டு) எழுதுபவருக்கு ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி எல்லாம் ஐயரிடம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில்தான் மாறும்: 2025 பெப்ரவரியில் மறைந்தவருக்குக் குரோதி, மே மாதத்தில் மறைந்தவருக்கு விசுவாவசு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நாளில் வேறு திதி காட்டும். எந்தப் பஞ்சாங்கம் என்று மலரிலேயே குறித்தால் ஆண்டுத் திவசத்துக்கு அடுத்த வருஷம் வாக்குவாதம் வராது.

வம்ச அட்டவணையில் பிள்ளை, மருமக்கள், பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை என்று ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவரிடமே எழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு மருமகன் பெயர் விடுபட்டால் எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். யுத்தக் காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை இருந்தால் அந்தப் பெயருக்கு முன் "அமரர்" என்று நீங்களாகப் போடாதீர்கள். மனைவி, பிள்ளைகளிடம் கேளுங்கள். வெறும் பெயரை மட்டும் போடுங்கள் என்றால் அப்படியே விடுங்கள்.

அச்சகத்தில், நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் 4ஆல் வகுபட வேண்டும். 24 பக்கம் தாராளம். யூனிகோடில் அடித்ததை அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு எழுத்துகளும் ஸ்ரீயும் சிதறும். அதனால் பிடிஎஃப் ஒன்றும் சேர்த்துக் கொடுத்து, புரூஃப்பைக் கடதாசியில் வாங்கி, எழுதாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பிரதிகளை ஆளுக்கு ஒன்று என்று எண்ணாமல் வீட்டுக்கு ஒன்று என்று எண்ணி, மேலே ஐம்பது கூட்டுங்கள். ஒன்றை "நூலகம்" என்ற இணைய நூலகத்துக்கு அனுப்பலாம், நினைவு மலர்களையும் அவர்கள் ஸ்கான் செய்து வைக்கிறார்கள்.