கருவுக்கு மதிப்பெண் போடலாமா?

கேள்வி: என் தந்தைக்கும் மாமனாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. ஐ.வி.எஃப். சிகிச்சையில் எங்களுடைய நான்கு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. அமெரிக்காவில் கருக்களைப் பரிசோதித்து, பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புக்கு மதிப்பெண் தருகிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். நாங்களும் செய்துகொள்ளலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் போல ஒற்றை மரபணுவின் பழுதால் வரும் நோய் வேறு, சர்க்கரை நோய் வேறு. பெற்றோர் இருவரும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஐந்தாம் நாள் கருவில், பின்னர் நஞ்சுக்கொடியாக மாறவிருக்கும் வெளிப்பகுதியிலிருந்து சில செல்களை எடுத்துப் பார்த்து, எந்தக் கருவுக்கு நோய் இருக்கிறது என்பதைப் பெருமளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயிலோ நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் துளித்துளியாகப் பங்களிக்க, உணவும் உடலுழைப்பும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. அந்தத் துளிகளைக் கூட்டிப் பெறுவதுதான் உங்கள் உறவினர் சொல்லும் மதிப்பெண். நோய் வருமா, வராதா என்ற விடை அதில் இல்லை.

மேலும், நான்கு கருக்களும் உடன்பிறப்புகள் என்பதால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு குறுகியது. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் உயரத்துக்கான இதே வகை மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிட்டபோது, பத்துக் கருக்களில் முதல் மதிப்பெண் பெற்றதைத் தேர்ந்தெடுத்தாலும் சராசரியைவிடச் சுமார் 2.5 செ.மீ. உயரமே கூடும் என்று தெரிந்தது. உங்களிடம் இருப்பவை நான்குதான். இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து உருவானவை என்பதால், நம்மவர்களிடம் அவற்றின் துல்லியம் இன்னும் குறையும். அத்தகைய எண்ணை நம்பி நல்ல கரு ஒன்றை நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமும், ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை அல்லது மரபணு நோய்களுக்காக மட்டுமே கருவைப் பரிசோதிக்க அனுமதிக்கிறது.

உங்கள் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் உங்களுக்கும் அது வரும் வாய்ப்பு கூடுதல். கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தையின் பிற்கால வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே, கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பே உங்கள் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தரித்த பின், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்கும் பரிசோதனையை முதல் வருகையிலேயே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் உணவுக் கட்டுப்பாட்டை அன்றே தொடங்கிவிடலாம்.