ஹுனியின் பிரமிடு என்று எழுதலாமா?

கேள்வி: அஸ்வானில் எலிஃபண்டைன் தீவில் சிதைந்த சிறு பிரமிடு ஒன்றைப் படமெடுத்தேன். வழிகாட்டி அதை 'மன்னர் ஹுனியின் கல்லறை' என்றார். என் பயணக் கட்டுரையில் படத்தின் கீழே அப்படியே எழுதலாமா?

பதில்: 'கல்லறை' என்ற சொல்லை நீக்கிவிடுங்கள், 'ஹுனி' என்ற பெயரை ஐயத்துடன் வைத்துக்கொள்ளலாம். எலிஃபண்டைன், தெற்கு எட்ஃபு, எல்-குலா, நகாதா, அபிடோஸுக்குத் தெற்கே சின்கி, மின்யா அருகே சாவியத் எல்-மையிதீன், ஃபாயூம் விளிம்பில் செய்லா என எகிப்தின் மாகாணங்களில் சிதறிக் கிடக்கும் இத்தகைய ஏழு சிறு படிப் பிரமிடுகளில் எதிலும் புதைப்பறையோ அதற்கு இறங்கும் சுரங்கவழியோ கண்டறியப்படவில்லை.

பண்டைய எகிப்தின் மூன்றாம் வம்ச மன்னரான ஹுனியின் பெயர் இதற்கு வந்த வழி வேறு. 1909-இல் பிரெஞ்சு எகிப்தியலாளர் ஹென்றி கோத்தியே அந்தத் தீவில் கருங்கல் கூம்பு ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் ஹுனியின் பெயரும், அரண்மனையைக் குறிக்கும் குறியீட்டுடன் ஒரு கட்டடத்தின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தக் கட்டடம் இந்தப் பிரமிடுதான் என்பது ஊகம். பிரமிடின் சுவரோடு சேர்ந்த நிலையில் அந்தக் கல் கிடைக்கவில்லை. இருந்தும், பக்கத்துக்கு ஏறத்தாழ 18 மீட்டர் என்ற அளவும் கட்டுமான முறையும் பலவற்றில் ஒத்துப்போவதால், மற்ற பிரமிடுகளையும் ஹுனியின் கணக்கில் எழுதியவர்கள் உண்டு. ஒற்றைக் கூம்பின் தலையில் இத்தனை பிரமிடுகளை ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

பெயர் உறுதியானது செய்லாவுக்கு மட்டுமே. 1987-இல் அதன் கிழக்குப் பக்கத்தில் நான்காம் வம்ச மன்னர் ஸ்னெஃப்ருவின் பெயர் பொறித்த நடுகல் கிடைத்தது. ஆனால் செய்லா மற்றவற்றைவிடப் பெரியது, நான்கு படிகள் கொண்டது. ஆகவே அந்தப் பெயரையும் பிறவற்றுக்கு நீட்டிவிட முடியாது.

காலத்தைப் பற்றி அவ்வளவு தயக்கம் தேவையில்லை. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உள்ளூர்க் கருங்கற்கள் களிமண் சாந்தில் பதிக்கப்பட்டு, நடுக்கட்டின் மேல் உட்புறமாகச் சாய்ந்த அடுக்குகளாக நிற்பது தெரியும். இது மூன்றாம் வம்சத்தின் இறுதியிலும் நான்காம் வம்சத்தின் தொடக்கத்திலும், அதாவது கி.மு. 2600-ஐ ஒட்டி, வழங்கிய முறை.

எதற்காகக் கட்டினார்கள் என்பதற்குத் தெற்கு எட்ஃபு சற்றே வெளிச்சம் தருகிறது. இன்று சுமார் 5 மீட்டர் உயரமே எஞ்சியிருக்கும் அந்த மணற்கல் பிரமிடின் கிழக்குப் பக்கத்தில், சிகாகோ பல்கலைக்கழகக் குழு படையல் இடும் இடத்தின் எச்சங்களைக் கண்டது. அதனால், தலைநகரிலிருந்து தொலைவில் வாழ்ந்த குடிகளிடையே அரச வழிபாட்டை நிலைநிறுத்தவே இவை எழுந்தன என்ற கருத்தே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

படத்தின் கீழே இப்படி எழுதுங்கள்: 'எலிஃபண்டைன் சிறு படிப் பிரமிடு, மூன்றாம் வம்ச இறுதிக்காலம், மன்னர் ஹுனி கட்டியதாக இருக்கலாம்.'