கொடி மாறிய கப்பல்: ‘இம்பிளாக்கபிள்’ குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: இம்பிளாக்கபிள் டிரஃபால்கர் போரில் பிடிபட்டதுதானே?

பதில்: இல்லை. 1800-இல் பிரான்சின் ரோஷ்ஃபோரில் ‘துகே-த்ருவேன்’ என்ற பெயரில் கடலில் இறங்கிய 74 பீரங்கிக் கப்பல் இது. 1805 அக்டோபர் 21 அன்று, பிரெஞ்சு-ஸ்பானியக் கூட்டுக் கடற்படையைப் பிரிட்டன் வென்ற டிரஃபால்கரில், பிரெஞ்சு அட்மிரல் துமனுவாரின் முன்னணிப் பிரிவில் இருந்தது. தோல்வி உறுதியானதும் அந்தப் பிரிவின் வேறு மூன்று கப்பல்களோடு தப்பியது. நவம்பர் 4 அன்று ஸ்பெயினின் ஒர்டெகல் முனை அருகே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஸ்ட்ராச்சன் அவற்றை மடக்கினார். அவருடைய பிரிகேட்டுகளின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வேகமான அந்தச் சிறு கப்பல்கள் பின்னாலிருந்து சுட்டு, பிரெஞ்சுக் கப்பல்களை ஓடவிடாமல் தொல்லை கொடுத்தன. பெரிய கப்பல்கள் எட்டிப் பிடித்தன. நான்கும் சிக்கின. துகே-த்ருவேனின் தலைவர் தூஃபே களத்திலேயே இறந்தார். பிரிட்டன் அந்தக் கப்பலுக்கு ‘இம்பிளாக்கபிள்’ என்று பெயரிட்டது.

கேள்வி: பிடித்தவுடன் பெயரை மாற்றுவது வழக்கமா?

பதில்: எப்போதும் இல்லை. உடன் சிக்கிய ‘சிப்பியோன்’, ‘மோன் பிளான்’ இரண்டும் பழைய பெயரிலேயே ஓடின. ‘ஃபோர்மிதாபிள்’ என்ற பெயரில் பிரிட்டனிடம் ஏற்கெனவே ஒரு கப்பல் இருந்ததால், அது ‘பிரேவ்’ ஆனது.

கேள்வி: 74 பீரங்கி என்றால் சரியாக 74-ஆ?

பதில்: அந்த எண் கப்பலின் தரத்தைச் சொல்வது. குட்டையான கரோனேடு பீரங்கிகளைப் பெரும்பாலும் அதில் சேர்க்கவில்லை. எண்ணை மட்டும் வைத்துக் கப்பல்களை ஒப்பிடாதீர்கள். எப்போதும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

கேள்வி: பிடித்த கப்பலுக்கான பரிசுப் பணம் யாருக்குப் போனது?

பதில்: அன்றைய முறையில் எட்டுப் பங்கு. மூன்று பங்கு கப்பல் தலைவருக்கு. அவர் ஒரு அட்மிரலின் கீழ் இருந்தால் அதில் ஒன்று அட்மிரலுக்கு. சாதாரண மாலுமிகள் அத்தனை பேரும் சேர்ந்து இரண்டு பங்கைப் பிரித்துக்கொண்டார்கள். அது அநியாயம்.

கேள்வி: டிரஃபால்கரில் நெல்சன் இதை எப்படிப் பிடித்தார்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உளுத்த கப்பலை 1949-இல் மூழ்கடித்ததில் என்ன தவறு? போருக்குப் பிறகு பிரிட்டனில் வீடு கட்டவே பணமில்லை.

பதில்: பணமில்லை என்பது உண்மை. ஆனால் எதை இழந்தார்கள் என்று பாருங்கள். பிரான்சிடம் ஐந்து ஆண்டு இருந்த கப்பல் பிரிட்டனிடம் 144 ஆண்டு இருந்தது. 1808-இல் பால்டிக் கடலில் ரஷ்யாவின் ‘வ்செவோலொத்’ கப்பலை அடித்துப் பணியவைத்தது. 1840-இல் சிரியக் கரையோரப் போரில் நின்றது. 1855 முதல் டெவன்போர்ட்டில் சிறுவர்களைப் பயிற்றுவித்தது.

கேள்வி (அதே வாசகர்): பிரான்சுக்கே கொடுத்திருக்கலாமே?

பதில்: கேட்டார்கள், பிரான்ஸ் மறுத்தது. டிரஃபால்கரில் இருந்த கப்பல்களில், நெல்சனின் தலைமைக் கப்பலான விக்டரியை விட்டால் எஞ்சியிருந்தது இது ஒன்றுதான். இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, டிசம்பர் 2 அன்று வைட் தீவுக்கு அப்பால் வெடிவைத்தார்கள். அடிப்பகுதி சிதறிய பிறகும் மேல்கூடு எளிதில் மூழ்கவில்லை. இந்த மரத்தையா உளுத்தது என்கிறீர்கள்? பழுதுபார்க்கும் செலவு மிகப் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தே ஆண்டில் ‘கட்டி சார்க்’ கப்பலைக் கிரீனிச்சில் உலர்துறை ஏற்றிக் காப்பாற்ற வழி பிறந்ததே!

கேள்வி: இப்போது பார்க்க ஏதாவது மிச்சம் உண்டா?

பதில்: முகப்புச் சிலையும் பின்புற மாடமும் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கேள்வி: இம்பிளாக்கபிள் விமானந்தாங்கிக் கப்பல் அல்லவா?

பதில்: அது 1942-இல் கடலில் இறங்கிய வேறொரு கப்பல்.