நகரசபைக்கு அணுக்கழிவில் என்ன வேலை?

அன்புள்ள சார்,

நான் டெக்சாஸில் ஒரு நடுத்தர நகரத்தில் வசிக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர். சென்ற வாரம் முதல்முறையாக எங்கள் நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன். பிற மாநில அணுமின் நிலையங்களின் கழிவை மேற்கு டெக்சாஸுக்குக் கொண்டுபோனால், எங்கள் ஊர் ரயில்பாதை வழியாகத்தான் போகுமாம். அதை எதிர்த்துத் தீர்மானம் போடலாமா என்று விவாதம். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினார்கள். ஒரு அம்மாள் அணுகுண்டு போல வெடிக்கும் என்றார். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர், “அந்த ரயில் வரும் நாளை எங்களுக்கு யார் சொல்வார்கள்?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. கடைசியில் தீர்மானம் நிறைவேறியது.

எனக்குச் சலிப்பாக இருந்தது. மத்திய அரசின் கையில் இருக்கும் விஷயத்தில் இந்தத் தீர்மானம் வெறும் காகிதம்தானே? அறிவியல் தெரியாதவர்களின் பயத்தை ஓட்டெடுப்புக்கு விடுவது சரியா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களோடு ஒத்துப்போகும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் சொன்னது தவறு. உலையிலிருந்து எடுத்த எரிபொருள் என்பது உலோகக் குழாய்களுக்குள் அடுக்கிய பீங்கான் போன்ற வில்லைகள். அது அணுகுண்டாக வெடிக்கவே முடியாது. அதை ஏற்றிப்போகும் கலமும் சாதாரணமானதல்ல. ரயிலில் போகும் கலம் நூறு டன்னுக்கு மேல் எடை கொண்டது. 9 மீட்டர் உயரத்திலிருந்து கடினமான தளத்தில் விழுவது, இரும்புக் கம்பத்தின்மேல் விழுவது, 800 டிகிரி செல்சியஸ் தீயில் அரைமணி நேரம் கிடப்பது, நீரில் மூழ்குவது ஆகியவற்றைத் தாங்கும் என்று காட்டினால்தான் அனுமதி. 1984இல் பிரிட்டனில் ஒரு கலத்தின்மேல் மணிக்கு 100 மைல் வேகத்தில் ரயிலை மோதவிட்டுப் பார்த்தார்கள். கலம் தாங்கியது.

ஆனால் அந்த அரைமணி நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2001 ஜூலை 18 அன்று பால்டிமோர் நகரின் அடியில் ஹோவர்ட் தெரு சுரங்கப்பாதைக்குள் 60 பெட்டிகள் கொண்ட சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பற்றியது. கடுமையான தீ சுமார் மூன்று மணி நேரம். முழுக்க அணைய நாட்கள் ஆயின. அந்த ரயிலில் அணுக்கழிவு இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஆராய்ந்தது. எரிபொருள் வெளியேறாது, சில வகைக் கலங்களின் மூடி அடைப்புகள் மட்டும் தம் தாங்குதிறனைத் தாண்டிச் சூடாகலாம், கசிந்தாலும் மிகச் சொற்பமாகவே கசியும் என்பது அதன் முடிவு. கழிவை நிரந்தரமாகப் புதைக்கத் திட்டமிடப்பட்ட யக்கா மலை இருக்கும் நெவாடா மாநிலம் அமர்த்திய நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. நான் ஆணையத்தின் கணக்கையே நம்புகிறேன். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பிறகு வந்த விதி. பயன்படுத்திய அணு எரிபொருள் ஏற்றிய ரயிலும் எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு ஏற்றிய ரயிலும் ஒரே சுரங்கப்பாதைக்குள் ஒன்றையொன்று கடக்கக் கூடாது என்று அமெரிக்க ரயில்வே நிறுவனங்களின் சங்கம் பின்னர் தன் நடைமுறையைத் திருத்தியது. கலத்தை எவ்வளவு உறுதியாகச் செய்தாலும், எந்த ஊரில் எந்தச் சுரங்கம் இருக்கிறது, அதில் வேறு என்ன சரக்கு போகிறது என்பது கலத்தை வடிவமைத்தவரின் மேசையில் இல்லை. அந்த ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்டவற்றில் சிறந்த கேள்வி தீயணைப்பு வீரருடையது. அதற்குப் பதில் உண்டு. பயன்படுத்திய எரிபொருள் ஒரு மாநிலத்தைக் கடக்கும்போது அதன் ஆளுநருக்கு, அல்லது அவர் நியமித்த அதிகாரிக்கு, முன்னறிவிப்பு போகவேண்டும். தபாலில் என்றால் பல நாட்கள் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். மேயருக்கு நேரடி அறிவிப்பு கிடையாது. பயண நேரம் பாதுகாக்கப்பட்ட தகவல். பயங்கரவாத ஆபத்தைக் கருதி அப்படி வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விபத்து நடந்தால் முதலில் குழாயோடு ஓடி நிற்பவர் ஆளுநர் அல்ல. ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி பெற்ற சிலருக்காவது தகவல் வந்து சேரும் ஏற்பாடு மாநிலத்துக்குள் இருக்கிறதா என்பதை உங்கள் நகரசபை எழுத்தில் கேட்டு வாங்கலாம். 1982ஆம் ஆண்டின் அணுக்கழிவுக் கொள்கைச் சட்டத்தின் 180(சி) பிரிவு, மத்திய எரிசக்தித் துறை கழிவைக் கொண்டுபோகும் வழியிலுள்ள ஊர்களின் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர அந்தத் துறை பணமும் உதவியும் வழங்கவேண்டும் என்கிறது. தனியார் நிறுவனம் கொண்டுபோனால் அந்தச் செலவு யாருடையது? உங்கள் ஊரில் இதை யாராவது கேட்டார்களா?

இனி, காகித மதிப்பு பற்றி. நகரம் ‘கூடாது’ என்று சொல்லித் தோற்றதற்குத் தெளிவான உதாரணம் நியூயார்க். லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்திலிருந்து பயன்படுத்திய அணு எரிபொருளை லாரியில் நாட்டின் உட்பகுதிக்குக் கொண்டுபோக நியூயார்க் நகரைத் தொடாமல் வழியில்லை. 1976இல் நகரின் சுகாதார வாரியம் அந்தப் போக்குவரத்தைத் தடைசெய்தது. 1981இல் மத்தியப் போக்குவரத்துத் துறை நாடு முழுமைக்கும் ஒரு விதி போட்டது. இவ்வகைச் சரக்கு பெருநெடுஞ்சாலைகளில் போகலாம், இடையில் வரும் ஊர் எதுவும் தன்னிச்சையாக மறிக்க முடியாது என்றது அது. நகரம் வழக்குப் போட்டது. கீழ்நீதிமன்றத்தில் வென்றது, 1983இல் மேல்முறையீட்டில் தோற்றது. அதே விதியில் இன்னொரு கதவும் இருக்கிறது: வேறு பாதையைக் குறிக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு, அப்படிக் குறிக்கும்முன் பாதிக்கப்படும் ஊர்களைக் கலந்துகொள்ளவேண்டும். நியூயார்க்கின் தோல்வியைப் படிக்கும் பலர் அந்தக் கதவைப் பார்ப்பதில்லை.

நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே அந்த வழியாகப் போனது. லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வுக்கூடத்தின் கழிவு, கார்ல்ஸ்பாட் அருகே உப்புப் பாறைக்குள் 655 மீட்டர் ஆழத்தில் அமைந்த கிடங்குக்குப் போகவேண்டும். லாரிகள் ஊருக்கு நடுவே செயின்ட் ஃபிரான்சிஸ் டிரைவ் வழியாகப் போவதாக இருந்தது. ஊர் எதிர்த்தது. ஆண்டுக்கணக்கில் கூட்டங்கள். முடிவில் நகரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலை மத்திய நிதியோடு அமைந்தது. மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து நடைமுறைகளையும் பெற்றார்கள்: புறப்படுமிடத்தில் கடுமையான லாரிச் சோதனை, இரு ஓட்டுநர்கள், செயற்கைக்கோள் கண்காணிப்பு, மோசமான வானிலையில் புறப்படாமை, வழியில் நிறுத்தப் பாதுகாப்பான இடங்கள். 1999 மார்ச்சில் முதல் லாரி போனது. இதுவரை 14,000க்கு மேற்பட்ட பயணங்கள் நடந்திருக்கின்றன. இந்த நடைமுறைகள் எதுவும் அமெரிக்க அரசு தானாக நினைத்துத் தந்தவை அல்ல. மூன்று நிமிடப் பேச்சுகளிலிருந்து வந்தவை. பேசியவர்களில் அறிவியலைத் தவறாகச் சொன்னவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களைத் திருத்த நீங்கள் அங்கே இருக்கவேண்டும் என்பதுதான் அதற்கு வழி, அவர்கள் பேசக்கூடாது என்பதல்ல.

உங்கள் டெக்சாஸிலேயே பாருங்கள். கழிவைக் கொண்டுபோய் வைக்கத் திட்டமிட்ட இடமான ஆண்ட்ரூஸ் கவுண்டி, குறைந்த வீரியக் கழிவுக் கிடங்கை வரவேற்று ஏற்ற இடம். உயர் வீரியக் கழிவு, அதாவது உலையில் பயன்படுத்திய எரிபொருள், என்றதும் 2021 ஜூலையில் அதன் ஆணையர்கள் ஒருமனதாக எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றம் தடைச்சட்டம் இயற்றியது. அடுத்த சில நாட்களில் ஒழுங்குமுறை ஆணையம் அங்கே அந்தக் கழிவை வைக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது, மொத்தத் திட்டம் 40,000 டன் வரை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2025 ஜூனில் 6-3 என்ற கணக்கில் மாநிலத்துக்கு எதிராக முடிந்தது. உரிமம் வழங்கும் நடவடிக்கையில் டெக்சாஸ் முறைப்படி ஒரு தரப்பாகவே சேரவில்லை, அதனால் வழக்காட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆக, சரியான மேடையில், சரியான நேரத்தில் பேசாமல் விட்டதற்கான விலை அது. ரயில் விஷயத்திலும் அப்படி ஒரு மேடை இருக்கிறது. இத்தகைய சரக்குக்கு ரயில்வே நிறுவனங்கள் ஆண்டுதோறும் 27 அம்சங்களைப் பரிசீலித்துப் பாதை தேர்ந்தெடுக்க வேண்டும். பாதையோர ஊர்களில் எந்த இடங்கள் ஆபத்துக்குரியவை என்று உள்ளாட்சியிடம் தகவல் கேட்கவும் வேண்டும். ஆய்வின் முடிவை உங்களுக்குக் காட்டமாட்டார்கள். ஆனால் உங்கள் பள்ளிகள், மருத்துவமனைகள், பாலங்கள், ரசாயனக் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்ற வரைபடத்தை நகரசபை அனுப்பி வைக்கலாம். பொறியாளர் ஒருவர் செய்து தரக்கூடிய வேலை இது.

இன்னொன்றையும் அங்கே சொல்லுங்கள், கைத்தட்டல் கிடைக்காவிட்டாலும். சான் அன்டோனியோ நகரத்துக்குச் சொந்தமான மின் நிறுவனம், பே சிட்டி அருகிலுள்ள சௌத் டெக்சாஸ் அணுமின் நிலையத்தில் பெரும் பங்கு வைத்திருக்கிறது. அந்த நிலையத்தின் கழிவு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. நாடு முழுவதும் சுமார் 90,000 டன் இப்படிக் கிடக்கிறது. 1998 ஜனவரி 31க்குள் எடுத்துக்கொள்ளத் தொடங்குவதாக மத்திய அரசு ஒப்பந்தம் செய்து, எடுக்காமல், மின் நிறுவனங்களுக்கு இழப்பீடு கட்டிக்கொண்டிருக்கிறது. யக்கா மலைத் திட்டம் நின்றுபோனது. அந்த மின்சாரத்தில் குளிரூட்டி ஓடும் வீடுகளில் உட்கார்ந்து, நம் தண்டவாளத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. டெக்சாஸின் கழிவும் ஒருநாள் ஏதோ ஒரு சின்ன ஊரைக் கடந்துதான் போகவேண்டும். அந்த ஊரின் தீயணைப்பு நிலையத்தில் முழுநேர ஊழியர்கூட இல்லாமலிருக்கலாம். உங்கள் ஊருக்காகக் கேட்கும் பயிற்சியும் அறிவிப்பும் அவர்களுக்கும் சேர்த்துத் தீர்மானத்தில் எழுதப்பட்டிருக்கிறதா?

தீர்மானத்தின் வாசகத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். ‘எதிர்க்கிறோம்’ என்ற ஒற்றை வரிதான் அதில் இருந்தால், திருத்தம் கோரி அடுத்த கூட்டத்தில் பெயர் கொடுங்கள். அங்கே என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.