காசு வாங்காத அக்காவுக்கு என்ன செய்வது?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நீங்கள் ஷிப்டு வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார், 50 வெள்ளி நீட்டினால் கோபித்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். காசை விடுங்கள். கூலி கொடுத்துக் கணக்கு முடிப்பதாக அவருக்குப் படலாம்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறக் கூப்பிடுங்கள். அதைவிடப் பெரிய உதவி, விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவது. எஸ்டிஆர் என்கிறோமே, மலேசிய அரசாங்கம் வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் அந்த ரஹ்மா ரொக்க உதவிக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் மைகாட் அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எடுத்துவரச் சொல்லி, வருமான வரி வாரியத் தளத்தில் நீங்களே போட்டுக் கொடுங்கள். கிளினிக் தேதி வந்தால் காரில் கூட்டிப் போகலாம்.

அப்புறம், "நீங்கள் இல்லாவிட்டால் வேலையை விட்டிருப்பேன், அக்கா" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு அவர் பேரப்பிள்ளைகள் கையில் அங்பாவ், அதாவது காசு வைத்த உறை, கொடுங்கள். (அதை எந்தப் பாட்டியாலும் தடுக்க முடியாது!)