பட்டுச் சேலை விற்றால் பிரஷர் ஏறுமா?

கேள்வி: எனக்கு வயது 39. ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். மாதம் 14,000 ரூபாய் சம்பளம். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்றபடிதான் வேலை. இரண்டு மாதமாகத் தலைவலி. போய்ப் பார்த்ததில் பிரஷர் 152/98. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, “டென்ஷன் ஆகாதீங்கம்மா” என்றார். என்னுடைய ஒரு வருடச் சம்பளத்தை ஒரே பில்லில் கட்டிவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் எரிச்சல், மறதி. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. “விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும், அடுத்தவங்களைப் பார்த்துப் பொறாமைப்படாதே” என்கிறார் கணவர். என் மனசுதான் காரணமா? மாத்திரை இல்லாமல் மனசைச் சரி பண்ணிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

உங்களுக்கு இருப்பது பொறாமை என்று எனக்குத் தோன்றவில்லை. வாடிக்கையாளர் எதிரில் நாற்பது சேலையை விரித்துப் போட்டு, அவர் ஒன்றும் எடுக்காமல் எழுந்து போன பிறகு, “ஏன் விட்டே?” என்று சூப்பர்வைசர் கேட்கும்போது உங்கள் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? அந்தப் படபடப்பு உடம்புக்குள் நடக்கும் வேலை. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டால் பாதகமில்லை. நாள் முழுக்க, வருடக்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறிய இடத்திலேயே நின்றுவிட வழியாகிறது. எந்த மாதிரி நெருக்கடியில் கார்ட்டிசால் அதிகம் ஏறுகிறது என்று 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2004-ல் வந்தது. தன் கையில் எதுவும் இல்லாத நிலையில், அடுத்தவர் தன்னை எடை போடும்போதுதான் அதிகம் என்று அதில் தெரிந்தது. உங்கள் கடையில் உங்கள் நிலை கிட்டத்தட்ட அதுதான்.

இந்த விஷயத்தில் மருத்துவ உலகத்தின் கண்ணைத் திறந்தது லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த ஆய்வு. 1967-ல் தொடங்கி, சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் யாருமில்லை. எல்லோருக்கும் அரசு வேலை, இலவச மருத்துவம். அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பால் இறந்தது, உச்சத்தில் இருந்த அதிகாரிகளைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். இரண்டாம் படியில் இருந்தவருக்குக்கூட முதல் படியில் இருந்தவரைவிட ஆபத்து கூடுதல். சிகரெட், கொலஸ்ட்ரால், பிரஷர் என்று எல்லாக் கணக்கையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தில் பாதிகூட விளங்கவில்லை. 1985-ல் பெண்களையும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் மறுபடி ஆராய்ந்தார்கள். எப்போது என்ன வேலை செய்வது என்று தாமே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் இதைத் தன் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். ஏழைக்கு நோய் வருகிறது என்பது மட்டும் இதில் செய்தியில்லை. மேலே கீழே என்ற இடைவெளியே ஒவ்வொரு படியிலும் உடம்பைத் தொடுகிறது.

மறதிக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் அந்த ஆய்வு வெளியானது. கரும்புக்குப் பணம் வருவது வெட்டு முடிந்த பிறகுதான். அதற்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்கும் கடனுக்கும் ஓட வேண்டும். அறுவடைக்குப் பிறகு நன்றாகச் செய்த அதே விவசாயிகள், அறுவடைக்கு முன் தடுமாறியிருந்தார்கள். மூளை அதேதான், பணக் கவலை அதில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாசக் கடைசியில் உங்களுக்கு மறதி கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, இனி செய்ய வேண்டியது. ஒரு தடவை பார்த்த அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. காபி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருந்து, வேறு வேறு நாட்களில் பாருங்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி – இவ்வளவும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உங்கள் மாத்திரை அம்லோடிபின் என்றால் கணுக்கால் வீங்கலாம். நாள் பூராவும் நிற்பதாலும் வீங்கும். எதனால் என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள், வீக்கத்துக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிட வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். பாத்ரூம் போகக் கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் உங்கள் தொழிலில் நிறையப் பேரிடம் பார்க்கிறேன். சிறுநீர் எரிச்சல் வருவதற்கு அது முக்கியக் காரணம். அந்தப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தர வழியுண்டா என்றும் அங்கேயே கேளுங்கள்.

நிற்கிற விஷயத்துக்கு வருகிறேன். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதில்லை. தனியாகப் போனால் வேலைக்கு ஆபத்து என்று நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் பிரிவில் உள்ள எல்லோருமாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒரு டாக்டராக இதையும் என் சிகிச்சையில் ஒரு பகுதியாகவே சொல்கிறேன். “டென்ஷன் ஆகாதீங்க” என்று உங்களிடம் சொல்வதைவிட, அந்த டென்ஷனில் ஒரு பங்கைக் கடையிலேயே குறைப்பது மேல்.

இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்கட்டும். மூன்று மணி விழிப்போடு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வருவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், குணப்படுத்தக்கூடியது. 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனை இலவசமாக இரவும் பகலும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் – இதில் எது வந்தாலும் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.